'லெட் கோ': விடுவது யார், விடுபடுவது யார்?

"ஏங் கண்ணு, லெட்கோனா என்ன அர்த்தம்?"

கடந்த செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு அம்மா தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கும் பிள்ளையிடம் ஒரு தாய் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நான் உடனே பதில் சொல்லவில்லை. யார் சொன்னார்கள், எங்கே சொன்னார்கள் என்று திருப்பிக் கேட்டேன்.

அம்மா அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறார். கைமடிக்கப் போய்ச் சேர்ந்தவர், பிறகு செக்கிங். நாள் முழுக்க நின்றபடி துணியைப் புரட்டி ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்ப்பது. அன்று சம்பளம் வாங்கும்போது அம்மாவையும் சேர்த்து 14 பேரை அலுவலகத்துக்குள் கூப்பிட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த ஹெச்.ஆர். தம்பி, நல்ல பிள்ளைதானாம், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாராம்: "அமெரிக்கா ஆர்டர் நின்னுபோச்சுங்க்கா. கம்பெனிக்கும் கஷ்டம்தான். அதனால உங்களையெல்லாம் லெட் கோ பண்றோம்."

பிறகு ஆளுக்கொரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அம்மா கண்ணாடி எடுத்துவரவில்லை, வீட்டில் பிள்ளையிடம் படித்துக் காட்டிப் போடுகிறேன் என்று சொல்லித் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கண்ணாடி பையில்தான் இருந்தது.

தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். "எனது சொந்தக் காரணங்களுக்காக இன்றுடன் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். எனக்கு நிர்வாகத்திடமிருந்து வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை" என்று அச்சடித்திருந்தது. கீழே பெயருக்கும் கையெழுத்துக்கும் கோடு.

தோழர்களே, இந்த ஒரு தாளும் அந்த ஒரு ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து என்ன வேலை செய்கின்றன என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கையை மறைக்கும் சொல்

'லெட் கோ' என்றால் பிடித்திருந்ததை விடுவது. கயிற்றை விடலாம், குழந்தையின் கையை விடலாம், கூண்டுப் பறவையை விடலாம். வேலையிலிருந்து நீக்குவதற்கு ஆங்கிலத்தில் எத்தனையோ சொற்கள் இருக்கும்போது முதலாளிமார் இந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் அதன் இலக்கணம். நீக்குபவர் இதில் நீக்குபவராகத் தெரிவதில்லை, அனுமதிப்பவராகத் தெரிகிறார். எங்கோ போகத் துடித்துக்கொண்டிருந்த ஒருவரைப் பெருந்தன்மையாக வழிவிட்டு அனுப்பிவைப்பது போல இருக்கிறது. அம்மா எங்கே போகத் துடித்தார்? திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அதே கேட்டுக்குள் போகத்தான்.

இதே சூது இப்போது தமிழிலும் புழங்குகிறது. 'ரிலீவிங் ஆர்டர்' என்கிறோம், அலுவலகத் தமிழில் 'பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்' என்கிறோம். எதிலிருந்து விடுவிப்பு? சம்பளத்திலிருந்தா? திருப்பூர்த் தொழிலாளிகள் ஒருபோதும் இப்படிப் பேசியதில்லை. "நின்னுக்கச் சொல்லிட்டாங்க" என்பார்கள். "கணக்கு முடிச்சுட்டாங்க" என்பார்கள். இந்த இரண்டு வாக்கியத்திலும் செய்தவர் யார் என்பது தெரிகிறது. இரண்டாவது வாக்கியத்தில் இன்னொன்றும் தெரிகிறது: ஒரு கணக்கு இருக்கிறது, அது முடிக்கப்பட வேண்டியது.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். அன்றைக்கு நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி இதற்குப் பெயர் ஆட்குறைப்பு. ஒருவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்கு ஈடான ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதோடு வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. அம்மாவுக்கு 11 ஆண்டு என்றால் 165 நாள் சம்பளம். இது தனி. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து ஆண்டுக்குமேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு இன்னொரு 15 நாள் சம்பளம். அது இன்னொரு 165 நாள். ஆக, ஒரு மாதச் சம்பளம் போக, 330 நாள் சம்பளம்.

இப்போது அந்தத் தாளைத் திரும்பப் படியுங்கள். சட்டத்தில் ஆட்குறைப்பு என்பதற்கான விளக்கத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது: தொழிலாளி தானாக விலகினால் அது ஆட்குறைப்பு ஆகாது. 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று கையெழுத்துப் போட்டால் முதல் 165 நாள் சம்பளமும் முன்னறிவிப்புச் சம்பளமும் போய்விடும். தானாக விலகினாலும் பணிக்கொடை கொடுத்தாக வேண்டும். அதை மறைக்கத்தான் 'பாக்கி எதுவும் இல்லை' என்ற இரண்டாவது வாக்கியம்.

பேசும்போது 'நாங்கள் உங்களை விடுகிறோம்'. எழுதும்போது 'நான் உங்களை விட்டுப் போகிறேன்'. ஒரே அறையில், பத்து நிமிடத்தில், விட்டவர் மாறிவிடுகிறார். 'லெட் கோ' என்ற பஞ்சுபோன்ற சொல் இந்த இரண்டுக்கும் நடுவில் விரிக்கப்பட்ட ஜமக்காளம். கீழே விழுவது 330 நாள் சம்பளம் என்பதால் சத்தம் கேட்கக்கூடாது.

'அமெரிக்க வரி பொய்யா? 2025 ஆகஸ்ட் 27 முதல் 50 சதவீதம் ஆக்கவில்லையா? திருப்பூர் அடிபடவில்லையா?' என்று கேட்கலாம். அடிபட்டது உண்மை. சிறிய கம்பெனிகள் பல தவித்ததும் உண்மை. கஷ்டகாலத்தில் ஆட்குறைப்பு செய்யவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை, நானும் இங்கே சொல்லவில்லை. கஷ்டத்தின் விலையை யார் கொடுப்பது என்பதே கேள்வி. ஆர்டர் வந்த காலத்தில் ஒன்றரை ஷிப்ட் நின்ற கால்களின் கணக்கு, ஆர்டர் நின்றவுடன் எப்படிப் பூஜ்யமாகிறது?

பிடித்து வைத்திருந்த காலமும் உண்டு

வேண்டாத நேரத்தில் இத்தனை மென்மையாக விடத் தெரிந்த கைகள், வேண்டிய நேரத்தில் எப்படிப் பிடித்திருந்தன என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

எங்கள் தாத்தா பண்ணையாள். கொங்கு நாட்டில் அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றில் இந்த ஒரு சொல்லில் தாத்தாவின் முழு வாழ்க்கையும் அடங்கிவிடும். பையனின் கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம், அதைக் கழிக்க வேலை, வேலை செய்யும்போதே அடுத்த முன்பணம். அவரை யாரும் 'லெட் கோ' பண்ணவில்லை. வேறு தோட்டத்துக்குப் போகிறேன் என்றால் முதலில் காசை வை என்பார்கள்.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இதைத்தான் முறித்தது. அந்தச் சட்டத்தின் வாக்கிய அமைப்பை நம் இளைஞர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். பண்ணை முதலாளிகளே, உங்கள் ஆட்களைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்று அது கேட்கவில்லை. சட்டம் நடைமுறைக்கு வந்த கணத்திலேயே ஒவ்வொரு கொத்தடிமையும் விடுபட்டவர், அவர் எந்தக் கொத்தடிமை வேலையும் செய்யக் கடமைப்பட்டவர் இல்லை என்கிறது. கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பும் அத்தோடு அழிந்தது என்கிறது. விடுவதற்கு முதலாளியின் கை தேவைப்படாத விடுதலை அது. மீட்கப்பட்டவருக்கு அதிகாரி தரும் விடுதலைச் சான்றிதழ், அவருடைய மறுவாழ்வு நிதிக்கும் வழக்குக்கும் ஆதாரமாகும் ஆவணம். அம்மாவிடம் நீட்டிய தாளையும் இந்தச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று கடனை அழித்து ஆளை விடுவிக்கிறது. மற்றொன்று கம்பெனியின் கடனை அழித்துக் கம்பெனியை விடுவிக்கிறது.

பண்ணையம் போய் மில் வந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமான பெயரில் என்ன நடந்தது என்பது நாடறிந்தது. மூன்று ஆண்டு வேலை, வளாகத்துக்குள்ளேயே விடுதி, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. நடுவில் நோயில் விழுந்தோ வேலைக் கடுமை தாங்காமலோ கிளம்பினால் மொத்தத் தொகையும் போய்விடும் என்பதுதான் கேட்டில் மாட்டிய பூட்டு. தென் மாவட்டங்களிலிருந்து அப்படி வந்த இளம்பெண்களில் பெரும்பகுதி தலித் பெண்களும் பிற ஏழைக் குடும்பத்துப் பெண்களும். அவர்களை விடாமல் வைத்திருந்ததும் ஒரு தொகைதான். இன்று அம்மாவை விட்டு அனுப்புவதும் ஒரு தொகைக்காகத்தான். பிடிப்பதும் விடுவதும் எதிரெதிர்ச் செயல்கள் இல்லை, தோழர்களே. ஒரே கையின் இரண்டு அசைவுகள்.

குற்றவாளிக்குக் கிடைக்கும் விடுதலை

ஆங்கிலத்தில் இதற்கு அண்ணன் முறையில் இன்னொரு மரபுத்தொடர் உண்டு: 'லெட் ஆஃப் த ஹுக்'. தூண்டில் முள்ளில் மாட்டியதைக் கழற்றிவிடுவது. பொறுப்பிலிருந்து, தண்டனையிலிருந்து ஒருவர் தப்பிப் போவதற்குச் சொல்வது. தொழிலாளிக்கு நடக்கும் 'விடுவிப்பு' எப்படி என்று பார்த்தோம். சாதிவெறியர்களுக்கு நடக்கும் விடுவிப்பு எப்படி?

மேலவளவு. 1997 ஜூன் 30. ஊராட்சி மன்றத் தலைவர் முருகேசனும் அவரோடு 5 பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தனித்தொகுதியில் தேர்தலில் நின்று வென்றதுதான் முருகேசன் செய்த குற்றம். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, மேல்நீதிமன்றங்களும் அதை உறுதிசெய்தன. பிறகு என்ன ஆனது? 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி 3 பேர். 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டின் பெயரால் 13 பேர். தலைவர்கள் பிறந்ததைக் கொண்டாட அரசு யாரை விடுவித்தது என்று பாருங்கள். ஒன்று தி.மு.க. ஆட்சி, மற்றொன்று அ.தி.மு.க. ஆட்சி. கை மாறியது, அசைவு மாறவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கே வருகிறேன். 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம். பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள், கௌசல்யாவையும் வெட்டினார்கள். 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தை உட்பட 6 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சதி நிரூபிக்கப்படவில்லை என்று தந்தையை விடுதலை செய்தது, மற்ற 5 பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. தூக்குத் தண்டனை வேண்டும் என்பது என் நிலைப்பாடு இல்லை. ஆனால், வெட்டிய கைகள் ஐந்தும் சிறையில் இருக்க, அந்தக் கைகளை அனுப்பியது யார் என்ற கேள்விக்கு மட்டும் அந்தத் தீர்ப்பில் பதில் இல்லாமல் போனது. ஐந்து பேரும் தாமாகவே அரிவாளோடு பேருந்து நிலையத்துக்கு வந்தார்களா?

தமிழில் இதற்கும் 'விடுதலை' என்றுதான் பெயர். பெரியார் நடத்திய நாளேட்டின் பெயர் அது. தாத்தாவுக்குச் சட்டம் தந்த பெயர் அது. அதே சொல்லைச் சாதிக் கொலை வழக்கில் வெளியே வருபவருக்கு மாலை போடுபவர்களும் சுவரொட்டியில் அச்சடிக்கிறார்கள். சொல்லைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு முறையும் யாருக்கு, எதிலிருந்து என்று கேட்பதை நாம் நிறுத்திவிட்டோம் என்பதுதான் குறை.

நம்மிடம் கேட்கப்படும் விடுதல்

மூன்றாவது பயன்பாடு நம்மை நோக்கி வருவது. "லெட் இட் கோ."

அம்மா தாளோடு வீட்டுக்கு வந்த அதே வாரத்தில் இதை நான் நேரிலும் கேட்டேன். முற்போக்கானவர், நல்லவர், என் ஆய்வில் அக்கறை உள்ளவர். தேநீர் குடிக்கும்போது சொன்னார்: "நீங்க இவ்வளவு படிச்சாச்சு, வெளிய வந்தாச்சு. இன்னும் ஏன் அந்தக் கோபத்தைச் சுமக்கணும்? லெட் இட் கோ. உங்க மன ஆரோக்கியத்துக்காகத்தான் சொல்றேன்." அவர் என்னைப் புண்படுத்த நினைக்கவில்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. பகைவன் சொன்னால் நாம் சண்டை போட்டிருப்போம். நண்பர் சொல்லும்போது யோசிக்கத் தொடங்கிவிடுகிறோம்: தவறு நம்மிடம்தானோ?

பிடித்துக்கொண்டிருப்பது நாமா? அருள்புரத்தில் லைன் வீடு தேடிப் போய்ப் பாருங்கள். எத்தனை பேர், எந்தக் கம்பெனி, முன்பணம் எவ்வளவு என்ற கேள்விகளுக்கு இடையில், மெல்லிய குரலில் ஒரு கேள்வி வரும்: "நீங்க எந்த ஆளுங்க?" கேட்பவர் விட்டால்தானே நாம் விடுவதற்கு? கழுத்தைப் பிடித்திருப்பவனிடம் எதுவும் சொல்லாமல், கழுத்தைக் கொடுத்தவனிடம் 'மூச்சை விடு' என்று சொல்வது என்ன அறிவுரை?

இந்த அறிவுரைக்குப் புத்தரைத் துணைக்கு இழுப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. பற்றை விடச் சொன்னார் அல்லவா என்கிறார்கள். புத்தர் விடச் சொன்னது வேட்கையை. வாங்க வேண்டிய கூலியை விடச் சொன்னதாக எங்கும் இல்லை. அவரை நமக்கு மீட்டுத் தந்த அம்பேத்கர் என்ன செய்தார்? 1935இல் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். 21 ஆண்டு கழித்து, 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் ஏற்று அதை நிறைவேற்றினார். அவரும் விட்டார். விட்டுவிட்டு வெளியேறினார். நடந்ததை மறந்து, மன்னித்து, அதே வீட்டின் திண்ணையில் படுத்துக்கொள்ளவில்லை. தமிழில் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது: விட்டு விலகுவது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு. 'லெட் கோ' இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புகிறது. சாதியை விட்டு வெளியேறுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்போம். சாதிக் கொடுமையை விட்டுக்கொடுங்கள் என்றால் கேட்க மாட்டோம்.

விடாமல் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. அவினாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம். 2018 ஜூலையில் அங்கிருந்த அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமையலராக வந்தார் பாப்பாள். அருந்ததியர் சமைத்ததை எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று சாதி இந்துக்கள் திரண்டார்கள். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? தடுத்தவர்களைத் தடுக்கவில்லை. பாப்பாளின் மாறுதலை ரத்து செய்தார்கள். அதாவது, அவரை அங்கிருந்து 'விடுவித்தார்கள்'. எல்லாருக்கும் நிம்மதி, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்திருப்பார்கள். அம்பேத்கரிய, பெரியாரிய, இடதுசாரி இயக்கங்கள் தெருவில் இறங்கின. அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டு அவர் அதே பள்ளியில் சமைத்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது. 7 ஆண்டு கழித்து, 2025 நவம்பரில், திருப்பூர் நீதிமன்றம் 6 பேருக்கு 2 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. பலர் விடுவிக்கப்பட்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த 7 ஆண்டில் எத்தனை பேர் அவரிடம் 'போனது போகட்டும், விடும்மா' என்று சொல்லியிருப்பார்கள்! அவர் விட்டிருந்தால் அந்த 6 பேர் என்ற எண்ணிக்கையும் இருந்திருக்காது.

அம்மாவுக்குச் சொன்ன பதில்

கொங்குத் தமிழில் எனக்குப் பிடித்த சொல் ஒன்று உண்டு: "போச்சாது." தவறி விழுந்த டம்ளருக்கும், தாமதமாக வந்த மகனுக்கும் சொல்வது. 'போச்சாது, உடு கண்ணு' என்று அம்மா சொன்னால் மனம் இலேசாகிவிடும். அது உண்மையான விடுதல். ஏனென்றால் டம்ளர் அம்மாவுடையது. காத்திருந்ததும் அம்மா. இழந்தவர்தான் போகட்டும் என்று சொல்லலாம். எடுத்தவர் சொல்வதற்குப் பெயர் வேறு.

அன்றிரவு அம்மாவுக்கு இதைத்தான் சொன்னேன். "லெட்கோனா விடறதும்மா. அவங்க விடறாங்க. ஆனா நீதான் விட்டேன்னு எழுதித் தரச் சொல்றாங்க." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அம்மா கேட்டார்: "அப்ப போடாட்டி?"

போடவில்லை. 14 பேரில் 9 பேர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்களை யாரும் குறை சொல்ல வேண்டாம். திங்கட்கிழமை வேறு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்றால் பழைய கம்பெனியோடு சண்டை போடுபவர் என்ற பெயரோடு போக முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். மீதி 5 பேரும், ஐவரும் பெண்கள், சங்கத் தோழர் ஒருவரோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள். கம்பெனித் தரப்பு, இவர்கள் எங்கள் ஆட்களே இல்லை, காண்ட்ராக்டரின் ஆட்கள் என்கிறது. தங்களுடைய ஆட்களே இல்லாதவர்களை எப்படி 'லெட் கோ' பண்ணினார்கள் என்று அம்மா கேட்டிருக்கிறார். அதற்கு அடுத்த தேதி கொடுத்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகள் ஆட்குறைப்புக்கு முன் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றிருந்த வரம்பு 300 ஆகிவிட்டது. இனி இன்னும் பல கம்பெனிகள் கேட்காமலே விடலாம். 'லெட் கோ' இனி அருள்புரத்தில் அடிக்கடி கேட்கப்போகும் சொல்.

ஆகவே இதைப் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பாவோ அம்மாவோ அக்காவோ இந்தச் சொல்லோடு வீட்டுக்கு வந்தால் முதலில் தாளை வாங்கிப் படியுங்கள். கையெழுத்துப் போடவிடாதீர்கள். வேலையில் சேர்ந்த ஆண்டைக் கேட்டு, ஓர் ஆண்டுக்கு 15 நாள் இழப்பீடு, 15 நாள் பணிக்கொடை என்று பெருக்கிப் பாருங்கள். சம்பளக் கவர், ஈ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். எண் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பக்கத்திலுள்ள சங்க அலுவலகம் எங்கே என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். படித்த நம் தலைமுறை அவர்களுக்குச் செய்ய வேண்டிய மொழிபெயர்ப்பு வேலை இதுதான்.

யாராவது உங்களிடமே வந்து, நல்ல மனதோடுதான், 'லெட் இட் கோ' என்றால் கோபப்பட வேண்டாம். கணக்கைக் கேளுங்கள். 330 நாள் சம்பளம் வரட்டும், மேலவளவுக்குப் பதில் வரட்டும், "எந்த ஆளுங்க" என்ற கேள்வி நிற்கட்டும். அதற்குப் பிறகு போச்சாது என்று சொல்வதா வேண்டாமா என்பதை நாங்கள் முடிவு செய்கிறோம்.